எக்ஸ்மிட் ஃபைலை பைனரில தான் அனுப்பினேன், ஆனா ரிசீவ் ஆக மாட்டேங்குது

கேள்வி: 2022 பிப்ரவரி 8, காலை 10.12

மெயின்ஃப்ரேமுக்கு (பேங்க், இன்சூரன்ஸ்ல எல்லாம் ஓடற பெரிய கம்ப்யூட்டர்) புதுசு, எட்டு மாசம் தான் ஆச்சு. ஒரு பிடிஎஸ் (ஒரே டேட்டாசெட்டுக்குள்ள, அதாவது ஒரே மெயின்ஃப்ரேம் ஃபைலுக்குள்ள, மெம்பர்னு பல குட்டி ஃபைல்), 40 மெம்பர், கோபால் (COBOL) சோர்ஸ், காப்பிபுக் (ப்ரோகிராம்கள் பொதுவா எடுத்துக்கற துண்டு), கொஞ்சம் ஜேசிஎல் (வேலையை ஓட்டச் சொல்ற ஸ்க்ரிப்ட்). இதை ஒரு எல்பார்ல (மெயின்ஃப்ரேமைப் பிரிச்ச ஒரு பகுதி) இருந்து என் லேப்டாப்புக்கு இறக்கி, அங்கிருந்து இன்னொரு சைட்டோட மெஷினுக்கு ஏத்தணும், நடுவுல நேர் கனெக்ஷன் கிடையாது. சீனியர் சொன்னாருன்னு எக்ஸ்மிட் பண்ணேன் (டேட்டாசெட்டை ஒரே ஃபைலா மூட்டை கட்டற கமாண்ட், பிரிக்கறது ரிசீவ்). இறக்கினது பைனரி, ஏத்தினது பைனரி, சத்தியமா. அந்தப் பக்கம் ரிசீவ் குடுத்தா ஃபார்மட் சரியில்லன்னு திருப்பி அடிக்குது. மூணு தடவை பண்ணிட்டேன், மூணு தடவையும் அதே. பைனரின்னா ஒரு பைட் கூட மாறாதுன்னு தானே சொல்றாங்க, அப்புறம் என்ன தான் மாறுது?

பதில்: பிப்ரவரி 8, மதியம் 1.35

பைட் மாறலை தம்பி. பைட் எல்லாம் ஒழுங்கா போய் சேர்ந்திருக்கு, மாறினது பைட்டுக்கு வெளில இருக்கற சமாச்சாரம்.

உன் லேப்டாப்புல ஃபைல்னா பைட் வரிசை, அவ்ளோ தான், வரி எங்க முடியுதுன்னு கூட உள்ள இருக்கற ஒரு எழுத்து தான் சொல்லும். மெயின்ஃப்ரேம்ல அப்படி இல்ல. ஒரு ரெக்கார்ட் எத்தனை பைட், எல்லாம் ஒரே நீளமா இல்ல வேற வேற நீளமா, ஒரு ப்ளாக்ல எத்தனை, இதெல்லாம் டேட்டாசெட்டுக்குள்ள கிடையாது, டிஸ்க்கோட விடாக்ல (அதோட பொருளடக்கம் மாதிரி) லேபிளா உக்காந்திருக்கு. நீ எஃப்டிபி (ஃபைல் அனுப்பற வழி) பண்ணும்போது டேட்டா வரும், லேபிள் வராது. மாவை அனுப்பிட்டு இட்லித் தட்டை அனுப்பாம விட்ட கதை. அந்தப் பக்கம் இருக்கறவன் அவன் வீட்டுல இருக்கற தட்டுல ஊத்துவான். அவன் தட்டு என்னன்னா, எஃப்டிபி சர்வர்ல யாரும் எதையும் மாத்தலைன்னா, விபி 256, அதாவது வேற வேற நீளம், அதிகபட்சம் 256. எக்ஸ்மிட் ஃபைலுக்கு வேண்டியது எஃப்பி 80, எல்லாம் ஒரே நீளம், 80 பைட். உன்னோட 80, 80ஆ வெட்டி இருந்த ரெக்கார்ட் எல்லாம் 252, 252ஆ வெட்டி வச்சிருக்கும் (விபில நீளம் எழுதறதுக்கே 4 பைட் போயிடும்), ரிசீவ் முதல் ரெக்கார்டைப் பாத்துட்டு இது நம்ம ஆளே இல்லன்னு சொல்லுது.

ஏத்தறதுக்கு முன்னாடி எஃப்டிபில கோட் (QUOTE) சைட் ரெக்எஃப்எம்=எஃப்பி எல்ரெக்எல்=80 ன்னு குடு, ப்ளாக்சைஸ் 3120 போட்டுக்கோ, அப்புறம் பைனரி, அப்புறம் புட். விண்டோஸ் லினக்ஸ் ரெண்டுலயும் கோட் போட்டு குடுக்கறது தான் பத்திரம், அது இல்லாம வெறும் சைட்னு அடிச்சா உன் க்ளையன்ட்டே அதை முழுங்கிட்டாலும் முழுங்கிடும்.

பிப்ரவரி 8, மதியம் 1.48

முக்கியமானதை விட்டுட்டேன். ஏற்கனவே அந்தப் பேருல இருக்கற டேட்டாசெட்டை முதல்ல டிலீட் பண்ணு. அதே பேருல பழசு இருந்தா எஃப்டிபி அதோட லேபிளைத் தான் மதிக்கும், உன்னோட சைட் கமாண்டை காதுலயே வாங்காது. மூணு தடவையும் அதே எரர்னு சொன்னியே, ரெண்டாவது தடவை நீ சரியா குடுத்திருந்தாலும் அதே தான் வந்திருக்கும். நான் ஒரு மத்தியானம் முழுக்க இதுல தொலைச்சிருக்கேன்.

பிப்ரவரி 8, இரவு 9.20

"ஏத்தறதுக்கு முன்னாடியே ஃபைல் நல்லா இருக்கான்னு லேப்டாப்புலயே பாக்க முடியுமா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். முடியும், ரெண்டு நிமிஷ வேலை.

முதல்ல சைஸை 80ஆல வகு. மீதி வந்தா அங்கயே நிறுத்திடு, மேல ஏத்தாத. மீதி வரலைன்னா ஹெக்ஸ்ல (பைட்டை எல்லாம் எண்ணா காட்டற பார்வை) திற. மூணாவது பைட்ல இருந்து சி9 டி5 டி4 டி9 எஃப்0 எஃப்1 ன்னு இருக்கணும், அது ஈபிசிடிக்ல (மெயின்ஃப்ரேமோட எழுத்துக் குறியீடு) ஐஎன்எம்ஆர்01, எக்ஸ்மிட்டோட பிள்ளையார் சுழி. அந்த இடத்துல 49 4இ 4டி 52 30 31 ன்னு இருந்தா யாரோ வழியில ஆஸ்கியா (மத்த கம்ப்யூட்டரோட எழுத்துக் குறியீடு) மாத்திட்டாங்க. திருப்பி மாத்தினா சரியாயிடும்னு நினைக்காத, ஏழு பிட் டேபிள்ல போயிருந்தா பல பைட் ஒண்ணா கலந்திருக்கும், சாம்பாரையும் ரசத்தையும் கலந்துட்டு திருப்பி பிரிக்கற மாதிரி. மூலத்துல இருந்து மறுபடியும் இறக்கு.

(ஹெக்ஸை தமிழ்ல அடிக்கறது எவ்ளோ கொடுமைன்னு இன்னிக்கு தான் தெரிஞ்சுது.)

80 ஏன்னு கேக்காம இருக்க மாட்டீங்க, அதனால நானே சொல்லிடறேன். ஐபிஎம் 1928ல கொண்டு வந்த 80 காலம் (column) பஞ்ச் கார்டு, ஓட்டை போட்ட அட்டை, அது தான். எக்ஸ்மிட் உண்மையில ஃபைல் அனுப்பறதுக்கு மட்டும் பண்ணதில்ல, ஒரு மெஷின்ல இருக்கற யூசர் இன்னொரு மெஷின்ல இருக்கற யூசருக்கு மெசேஜும் டேட்டாசெட்டும் அனுப்பறதுக்கு, ஜெஸ் (மெயின்ஃப்ரேம் வேலையை வரிசைல விடற சிஸ்டம்) நெட்வொர்க் வழியா. அந்த வழியில எப்பவும் போய்க்கிட்டு இருந்தது கார்டு. அதனால எதை அனுப்பினாலும் கார்டு மாதிரி வேஷம் போட்டுக்கணும். அவுட்டேட்டாசெட்னு ஒரு ஆப்ஷன் இருக்கறதால நாம அதை நெட்வொர்க்ல விடாம ஃபைலா பிடிச்சு வச்சுக்கறோம். அதான் கமாண்ட்ல நோட் பேரு யூசர் பேருன்னு ரெண்டு கேக்குது, நாம எல்லாரும் ஏ புள்ளி ஏ ன்னு எதையாவது அடிச்சு ஏமாத்தறோம்.

பிப்ரவரி 9, காலை 8.05

தம்பிக்கு வேலை ஆயிடுச்சாம், சந்தோஷம். ஆனா ரிசீவ் ஐஎன்எம்ஆர்906ஏ ன்னு ஏதோ கேட்டுட்டு அப்படியே நிக்குதாம், ஹேங் ஆயிடுச்சுன்னு செஷனையே வெட்டி விட்டுட்டானாம். அடேய், அது ஹேங் இல்ல, உன் பதிலுக்கு காத்துக்கிட்டு இருக்கு. எந்தப் பேருல போடணும்னு கேக்குது. டிஏ போட்டு அடைப்புக்குள்ள மேற்கோளோட பேரை அடி. வெறும் என்டர் தட்டினா அனுப்பின டேட்டாசெட் பேரோட முதல் பகுதியை எடுத்துட்டு உன் ஐடியை வச்சு போட்டுடும், அந்தப் பேருல உனக்கு ஏற்கனவே ஏதாவது இருந்தா கவனமா இரு.

பிப்ரவரி 9, இரவு 11.50

"சுருக்கமா சொன்னா எப்பவும் பைனரி, எதுக்குமே ஆஸ்கி கூடாது, அதானே"ன்னு ஒருத்தர் முடிச்சு வச்சிருக்கார். இல்லங்க. சோர்ஸ் ஒண்ணே ஒண்ணு இறக்கி நோட்பேட்ல படிக்கணும்னா ஆஸ்கி தான் சரி, பைனரில இறக்கினா பூராவும் அட் குறியா தெரியும், ஏன்னா ஈபிசிடிக்ல ஸ்பேஸ் 40, ஆஸ்கில 40ன்னா அட். கட்டி வச்ச மூட்டைக்கு பைனரி, பிரிச்சு போட்ட எழுத்துக்கு டெக்ஸ்ட். பிரச்சனை எங்கன்னா எழுத்தும் இல்லாம மூட்டையும் இல்லாம நடுவுல ஒண்ணு இருக்கு, அது தான் நம்ம சோறு, கோபால் ரெக்கார்ட். பாதி எழுத்து, பாதி காம்ப்-3 (எண்ணை இறுக்கி வைக்கற முறை).

என் கதையைச் சொல்றேன். 2003, ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இங்க ஓஎம்ஆர்ல உக்காந்து நைட் ஷிஃப்ட் சப்போர்ட். மாசா மாசம் ப்ரீமியம் ஃபைல் ஒண்ணு வெளி வெண்டரோட யூனிக்ஸுக்கு போகும். அதுவரைக்கும் பைனரில போய்க்கிட்டு இருந்துச்சு, வெண்டர் மாறினாங்க, புது ஆளு ஃபைல் பூரா ஜங்க்னு மெயில் போட்டான். நான் ரொம்ப புத்திசாலித்தனமா ஜேசிஎல்ல ஒரே ஒரு வரியை மாத்தி ஆஸ்கி ஆக்கினேன். பேரு, ஊரு எல்லாம் அவனுக்கு அழகா தெரிஞ்சுது, தேங்க்ஸ்னு பதிலும் வந்துச்சு. அடுத்த மாசம் கவுன்ட் டேலி ஆகலை. நாங்க அனுப்பினதை விட அவங்க கிட்ட ரெக்கார்ட் அதிகம். குறைஞ்சிருந்தா கூட புரியும், எப்படி அதிகமாகும்? மூணு ராத்திரி தேடினோம். உடைஞ்ச ரெக்கார்டை எல்லாம் ஒரு பக்கமா வச்சு பாத்தா எல்லாமே 150 டாலர் பாலிசி. மத்த தொகை உடையலை, 150 மட்டும் உடைஞ்சுது.

ஏன்னு சொல்லுங்க பாப்போம். நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

பிப்ரவரி 10, மாலை 6.15

ரெண்டு பேர் சரியா பிடிச்சிட்டாங்க. தொகை ஒன்பது இலக்கம், கடைசி ரெண்டு சென்ட். காம்ப்-3ல ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கம், கடைசி அரை பைட்ல குறி, ஆக அஞ்சு பைட். 150.00 ன்னா 00 00 15 00 0சி. நடுவுல இருக்கற அந்த 15ஐ பாருங்க. ஈபிசிடிக்ல 15 புது வரி. ஆஸ்கி மோட்ல எஃப்டிபி அதை எழுத்துன்னு நினைச்சு புது வரியா மாத்தி வச்சிடுச்சு, ரெக்கார்ட் அங்கயே ரெண்டா பிளந்துடுச்சு. அவ்ளோ தான், மூணு ராத்திரி.

உடையாத ரெக்கார்ட் மட்டும் ஒழுங்கா இருந்துச்சான்னா அதுவும் இல்ல, தொகை எல்லாம் நாசம் தான், வரி உடையாததால யாரும் கவனிக்கலை. 0சி இருக்கே, அது ஈபிசிடிக்லயும் ஆஸ்கிலயும் ஃபார்ம் ஃபீட். எங்க டீம்ல ஒரு அண்ணன் அந்த ஃபைலை அச்சடிச்சு பாத்துடலாம்னு ப்ரின்டருக்கு விட்டார். ஒரு ரெக்கார்டுக்கு ஒரு பேப்பர். தொகை பூஜ்யத்துல முடியற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள். அவர் காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ட்ரே காலி.

பிப்ரவரி 12, காலை 7.30

திருத்தம். 150ன்னு சொன்னேன் இல்ல, நேத்து பழைய டைரியைத் தேடி எடுத்து பாத்தேன், அதுல 250ன்னு என் கையாலயே வட்டம் போட்டு வச்சிருக்கேன். 00 00 25 00 0சி. ஞாபகம் ஏமாத்திடுச்சு, ஆனா ஏன் ஏமாத்துச்சுன்னா ரெண்டுமே நடக்கக்கூடியது தான். ஈபிசிடிக்ல வரி முடிவுக்கு ரெண்டு ஆளு இருக்காங்க, 15ம் 25ம். எஃப்டிபில எந்த மொழிபெயர்ப்பு டேபிள் போட்டிருக்காங்கங்கறதைப் பொறுத்து யாரு ஆஸ்கியோட 0ஏ ஆவாருன்னு மாறும். எங்க கடைல 25. வேற கடையா இருந்தா 150 டாலர்காரங்க உடைஞ்சிருப்பாங்க, 250 டாலர்காரங்க தப்பிச்சிருப்பாங்க.

அப்படி பாத்தா 250ல இருந்து 259.99 வரைக்கும் எல்லாமே உடையணும், 25,000 டாலரும் உடையணும், 2 டாலர் 50 சென்ட்டும் உடையணும். சரியான கேள்வி, கேட்டவருக்கு ஒரு காப்பி. அந்த ப்ராடக்ட்ல ப்ரீமியம் ரவுண்டான தொகை மட்டும் தான், 150, 200, 250ன்னு. அதனால எங்க கண்ணுக்கு 250 மட்டும் பட்டுச்சு. 253.10ன்னு ஒருத்தர் இருந்திருந்தா நாங்க இன்னும் மூணு ராத்திரி சுத்தியிருப்போம்.

பிப்ரவரி 12, மதியம் 12.10

"எப்படி சரி பண்ணீங்க"ன்னு நாலு பேர். சார்ட்ல (ஃபைலை வரிசைப்படுத்தற யுடிலிட்டி) காம்ப்-3 எல்லாத்தையும் இலக்கமா விரிச்சுட்டு அப்புறம் ஆஸ்கில அனுப்பினோம். அதுலயும் ஒரு முறை அடி வாங்கினேன். முதல்ல வெறும் ஜோன்டு டெசிமலா (ஒரு இலக்கத்துக்கு ஒரு பைட்) விரிச்சேன், குறி கடைசி இலக்கத்து மேலயே ஏறி உக்காந்துக்கும், 250.00 ங்கறது 00002500{ ன்னு போச்சு. வெண்டர் அந்தப் பக்கத்துல இருந்து ஃபோன், கடைசில ஒரு வளைஞ்ச மீசை இருக்கு, அது என்னன்னு. பூஜ்யம் ப்ளஸ்னா அந்த மீசை, மைனஸ்னா திரும்பின மீசை. அப்புறம் குறியை முன்னாடி தனி எழுத்தா பிரிச்சு குடுத்தோம். அதுக்கப்புறம் அந்த ஆளு ஃபோன் பண்ணவே இல்ல.

பிப்ரவரி 15, இரவு 10.40

மறுபடியும் மூட்டைக்கு வர்றேன். எக்ஸ்மிட் தான் வேணும்னு அவசியம் இல்ல, டெர்ஸ் (மூட்டை கட்டற இன்னொரு யுடிலிட்டி) நல்லது, நான் இப்பல்லாம் அதைத் தான் சொல்வேன். எக்ஸ்மிட் சுருக்காது, ஃபைல் எவ்ளோ பெருசோ அவ்ளோவும் அப்படியே வரும், மேல கொஞ்சம் கூடவும் செய்யும். டெர்ஸ் சுருக்கும், மெம்பர் இல்லாத சீக்வென்ஷியல், பிடிஎஸ் ரெண்டையும் எடுத்துக்கும், பழைய லேபிளை உள்ளயே எழுதி வச்சுக்கும். முன்னாடி டிஆர்எஸ்மெயின்னு தனியா இறக்கி போட்டுக்கணும், இப்ப ஏஎம்ஏடெர்ஸ்னு சிஸ்டத்தோடயே வருது. ஐபிஎம் சப்போர்ட்டுக்கு டம்ப் (கோளாறு வந்தப்போ மெமரில இருந்ததோட நகல்) அனுப்பணும்னா இதுல தான் கட்டச் சொல்லுவாங்க. பார்ம்ல (ஜேசிஎல்ல ஆப்ஷன் குடுக்கற இடம்) பேக் இல்லன்னா எஸ்பேக், எஸ்பேக் இன்னும் இறுக்கி கட்டும், சிபியு கொஞ்சம் கூட தின்னும். ஏத்தும்போது அதே எஃப்பி 80, பிரிக்கறதுக்கு அன்பேக்.

பிப்ரவரி 16, காலை 9.05

தப்பு தப்பு. ஒரு தம்பி என்னை நம்பி டெர்ஸ் ஃபைலை எஃப்பி 80ல ஏத்தி அது பிரியலைன்னு வந்து நிக்கறார். டெர்ஸுக்கு எஃப்பி 1024. எக்ஸ்மிட்டுக்கு 80, டெர்ஸுக்கு 1024, தூக்கத்துல அடிச்சா இப்படி தான். மன்னிச்சுக்கோங்க. சைஸை வகுத்து பாக்கற வைத்தியம் இங்கயும் செல்லும், 1024ஆல வகுங்க.

பிப்ரவரி 16, மாலை 5.30

விசாம்ங்கற தனி வகை டேட்டாசெட்டை அனுப்ப முடியுமான்னு கேள்வி. எக்ஸ்மிட் விசாமை தொடவே தொடாது. ரெப்ரோ (காப்பி பண்ற கமாண்ட்) போட்டு சீக்வென்ஷியல் ஆக்கி அனுப்பு, அந்தப் பக்கம் டிஃபைன் பண்ணி திருப்பி ரெப்ரோ. இல்லன்னா டிஎஃப்டிஎஸ்எஸ் (பேக்அப் யுடிலிட்டி) டம்ப் எடு. ஆனா டம்ப்பை நேரா பைனரில அனுப்பிடாதீங்க, அதுல ப்ளாக் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கறதே உயிர், வெறும் பைட் வரிசையா போனா அந்த எல்லை காணாம போயிடும், ரெஸ்டோர் முழிக்கும். டம்ப்பை டெர்ஸ் பண்ணு, அதை பைனரில அனுப்பு. மூட்டைக்குள்ள மூட்டை.

இதே வியாதி விபி ஃபைலுக்கும் உண்டு. விபில ஒவ்வொரு ரெக்கார்டு தலையிலயும் 4 பைட் ஆர்டிடபிள்யூ, அதுல தான் நீளம். பைனரில இறக்கினா எஃப்டிபி அந்த நாலையும் கழட்டி எறிஞ்சிட்டு தான் குடுக்கும், ரெக்கார்ட் எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே கொழகொழன்னு வரும். சைட் ஆர்டிடபிள்யூ ன்னு ஒரு வார்த்தை முன்னாடி குடுத்துட்டா விட்டு வைக்கும். லினக்ஸ் பக்கம் படிக்கற ஆளு அதை வச்சு வெட்டிக்கலாம்.

பிப்ரவரி 20, ஞாயிறு, காலை 11.00

கொஞ்சம் வேற பக்கம் போறேன், லீவு நாள்.

இந்த மூட்டை கட்டற கலையோட அருங்காட்சியகம் எதுன்னா சிபிடி டேப். கனெக்டிகட் பேங்க் அண்ட் ட்ரஸ்ட்ங்கற பேங்க்ல வேலை பாத்த அர்னால்ட் கசிங்கினோ 1975ல ஆரம்பிச்சது, எம்விஎஸ் (மெயின்ஃப்ரேமோட ஓஎஸ்) ஆளுங்க தாங்க எழுதின யுடிலிட்டியை எல்லாம் இலவசமா ஒரு டேப்புல சேத்து ஊர் ஊரா அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. அந்த பேங்க் இப்ப இல்ல, டேப் இருக்கு, சாம் கோலப் பாத்துக்கறார். இப்ப வலைல நம்பர் போட்ட ஃபைலா கிடைக்கும், ஒவ்வொண்ணும் ஒரு ஜிப், ஜிப்பைப் பிரிச்சா உள்ள ஒரு எக்ஸ்மிட், ரிசீவ் பண்ணா ஒரு பிடிஎஸ், அந்த பிடிஎஸ்ல சில மெம்பர் அதுவே ஒரு எக்ஸ்மிட். பலாப்பழம் மாதிரி, எண்ணெய் தடவிக்கிட்டு தான் கையை வைக்கணும்.

டேப்புல பிடிஎஸ்ஸை எப்படி வச்சாங்கங்கறது இன்னும் ருசி. ஐஇபிஅப்டேட்னு பழைய யுடிலிட்டி. எல்லா மெம்பரையும் ஒண்ணு கீழ ஒண்ணா வெறும் எழுத்தா கொட்டி, ஒவ்வொரு மெம்பருக்கும் முன்னாடி ./ ஆட் நேம்= ன்னு ஒரு கார்டு. அந்தப் பக்கம் அதே யுடிலிட்டி ./ வரும் போதெல்லாம் புது மெம்பர் திறக்கும். அருமையான யோசனை, ஒரு ஓட்டை தான், மெம்பருக்குள்ளயே எவனாவது ஐஇபிஅப்டேட் ஜேசிஎல் வச்சிருந்தா அதுலயும் ./ இருக்கும், மெம்பர் நடுவுல பிளந்துக்கும். நம்ம 250 டாலர் கதை தான், வேற வேஷத்துல. சிபிடி ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா உள்ள இருக்கற ./ எல்லாத்தையும் >< ன்னு மாத்தி அனுப்பினாங்க, அந்தப் பக்கம் திருப்பி மாத்திக்கணும். மாத்த மறந்த மெம்பர்ல >< இன்னிக்கும் கண்ல படும்.

பிப்ரவரி 20, மதியம் 2.20

எங்க அம்மாவுக்கு 1999ல நான் வேலைல சேந்தப்போ பெரிய சந்தேகம், ஃபோன்ல எப்பப் பாத்தாலும் "கோபால் வரலை, கோபால் ஏறலை, கோபால் அபென்ட் ஆயிட்டான்"னு பேசிக்கிட்டு இருக்காளே, யாருடி அந்த கோபால்னு. ஒய்டுகே சமயம், ராத்திரி பூரா ஆஃபீஸ்ல வேற. அவங்க கிட்ட அது ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அபென்ட்னா ப்ரோகிராம் பாதில விழறதுன்னு சொன்னா நம்பவே இல்ல.

பிப்ரவரி 24, இரவு 8.45

முதல் கேள்வி கேட்ட தம்பி வேற பேப்பரோட வந்திருக்கான். இந்த முறை எஃப்டிபி போர்ட்டை செக்யூரிட்டி மூடிட்டாங்களாம், எஸ்சிபில (ஃபைல் அனுப்பற இன்னொரு வழி) அனுப்பினானாம், சைஸ் 80ஆல வகுபடுது, ஆனா ரிசீவ் ஆகலை. ஹெக்ஸ் போட்டு காமிச்சிருக்கான், நல்ல பிள்ளை, 49 4இ 4டி 52. மெயின்ஃப்ரேம்ல இருக்கற எஸ்சிபி எல்லாத்தையும் எழுத்துன்னு நினைச்சு தானா ஆஸ்கியா மாத்திடும், யாரையும் கேக்காது. எஸ்எஃப்டிபி நேர் எதிர், சொல்லாத வரைக்கும் பைனரி. ஒரே வீட்டுல பொறந்த அண்ணன் தம்பி, ரெண்டு குணம். இது தவிர எங்க இடத்துல ரெண்டுமே டேட்டாசெட்டைத் தொடாது, யுஎஸ்எஸ் (மெயின்ஃப்ரேமுக்குள்ள இருக்கற யூனிக்ஸ்) பக்கம் இருக்கற ஃபைலைத் தான் பாக்கும், அதனால டேட்டாசெட்டை முதல்ல யுஎஸ்எஸ்ஸுக்கு பைனரியா காப்பி பண்ணு, அப்புறம் எஸ்எஃப்டிபி. அந்த காப்பிலயும் பைனரின்னு சொல்லலைன்னா வரிக்கு வரி ஒரு 15 செருகி வச்சிடும். மூணு வாசல், மூணுலயும் காவல்காரனுக்கு சொல்லிட்டு போகணும்.

சைஸ் வகுபட்டதைப் பத்தி நான் முன்னாடி சொன்னதை இங்க திருத்திக்கறேன். மீதி வந்தா ஃபைல் கெட்டதுன்னு அர்த்தம், மீதி வரலைன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. பைட்டுக்கு பைட் மாத்தினா சைஸ் மாறாது.

பிப்ரவரி 26, காலை 6.50

சி ப்ரோகிராம்ல சதுர அடைப்பு எல்லாம் வேற ஏதோ எழுத்தா மாறிடுச்சுன்னு ஒருத்தர். ஈபிசிடிக் ஒண்ணு இல்ல, ஒரு குடும்பம். 1047ங்கற கோட்பேஜ்ல சதுர அடைப்பு ஏடி, பிடி. 037ல பிஏ, பிபி. ஒரு பக்கம் ஒண்ணு, இன்னொரு பக்கம் இன்னொண்ணுன்னா கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் சரியா வரும், திறக்கற அடைப்பு தொப்பி போட்ட ஒய்யா நிக்கும். உங்க எமுலேட்டர் (மெயின்ஃப்ரேம் திரையை லேப்டாப்புல காட்டற ப்ரோகிராம்) என்ன கோட்பேஜ்ல இருக்குன்னும் பாருங்க, சில சமயம் ஃபைல் சரி, கண்ணாடி தான் தப்பு. கோபால்காரங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, நாங்க சதுர அடைப்பை பாத்ததே இல்ல.

மார்ச் 3, இரவு 11.15

"மெம்பரை எல்லாம் எம்கெட் (எஃப்டிபில பல ஃபைலை ஒரே அடியா இறக்கற கமாண்ட்) போட்டு தனித்தனியா இறக்கினா போதாதா, எதுக்கு மூட்டை"ன்னு கேட்டவருக்கு. சோர்ஸ்னா போதும். இப்ப சின்னப் பசங்க கிட்ல (Git) வச்சுக்கிட்டு தானா மாத்திக்கறாங்க, அது இன்னும் நல்லது. ஆனா யாரு எப்ப மாத்தினாங்கங்கற ஐஎஸ்பிஎஃப் (மெயின்ஃப்ரேம்ல எடிட் பண்ற திரை) கணக்கு பிடிஎஸ் டைரக்டரில இருக்கு, மெம்பருக்குள்ள இல்ல, எம்கெட்ல அது வராது. ஏலியஸ் (மெம்பரோட இன்னொரு பேரு) வராது. லோட் மாட்யூல்னா (ஓடறதுக்கு தயாரா இருக்கற ப்ரோகிராம்) சுத்தமா ஆகாது, அதோட பாதி உயிர் டைரக்டரில தான் இருக்கு, பைனரில மெம்பரா இறக்கி ஏத்தினா பிணம் தான் வரும். ரெண்டு பக்கமும் இசட்ஓஎஸ்ஸா (எம்விஎஸ்ஸோட இன்னிக்கு வடிவம்) இருந்து நேரா எஃப்டிபி பண்ணா லோட் மாட்யூலை அதுவே பாத்துக்கும், நடுவுல லேப்டாப் வந்தா எக்ஸ்மிட் இல்ல டெர்ஸ்.

ஜூன் 19, ஞாயிறு, மாலை 4.30

மூணு மாசம் கழிச்சு நானே இதைத் தூசு தட்டறேன்.

வீடு மாத்தறப்போ ஒரு சிடி கிடைச்சுது. 1998ல தி.நகர்ல ஒரு இன்ஸ்டிட்யூட்ல மெயின்ஃப்ரேம் கத்துக்கிட்டேன், மணிக்கணக்குக்கு காசு கட்டி டெர்மினல்ல உக்காரணும். அங்க நான் எழுதின பயிற்சி ப்ரோகிராம் நாலு, ஒரு பிடிஎஸ், அதை எக்ஸ்மிட் பண்ணி 3270 எமுலேட்டர் வழியா ஃப்ளாப்பில இறக்கி, பின்னாடி சிடிக்கு மாத்தியிருக்கேன். வீட்டு லேப்டாப்புல ஹெர்குலிஸ் எமுலேட்டர் (மெயின்ஃப்ரேம் மெஷின் மாதிரியே நடிக்கற ப்ரோகிராம்) இருக்கு, எம்விஎஸ் 3.8 ஓடுது, அதுல ரிசீவ் கமாண்டே கிடையாது, ரெக்வி370ன்னு தனி ப்ரோகிராம் வச்சு தான் பிரிக்கணும், எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டு காப்பியோட உக்காந்தேன்.

சைஸை 80ஆல வகுத்தேன். மீதி வந்துச்சு. ஹெக்ஸ்ல திறந்தேன். 49 4இ 4டி 52 30 31.

நானே தான். எமுலேட்டர்ல டெக்ஸ்ட்னு இருந்த டிக்கை எடுக்காம இறக்கியிருக்கேன். 24 வருஷமா பத்திரமா வச்சிருந்தது கெட்டுப்போன மூட்டை.

ஜூன் 19, இரவு 10.05

விடலை. எக்ஸ்மிட் சுருக்காதுன்னு குறை சொன்னேன் இல்ல, அதுவே கை குடுத்துச்சு. உள்ள இருந்த சோர்ஸ் எழுத்தா தான் இருந்துச்சு, எழுத்தை ஆஸ்கி கெடுக்கலை, கட்டின கயிறை மட்டும் தான் கெடுத்துச்சு. நோட்பேட்ல திறந்தா ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன் தெரியுது, என் பேரு தெரியுது. எக்ஸ்மிட் அதிகபட்சம் 253 பைட்டா துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாடி நீளத்துக்கு ஒண்ணு, கொடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு பைட் வைக்கும், அதனால மூணு வரிக்கு ஒரு தடவை நடுவுல ரெண்டு குப்பை எழுத்து. அதை ஒவ்வொண்ணா கையால எடுத்து, 80 காலத்துக்கு வெட்டி, வரிசை நம்பரை வச்சு அடுக்கினேன். டெர்ஸா இருந்திருந்தா ஒரு வரி கூட தேறியிருக்காது.

நாலுல மூணு முழுசா வந்துடுச்சு. நாலாவதுல நடுவுல ஒரு எட்டு வரி காணோம், வட்டி கணக்கு பண்ற பாரா. வரிசை நம்பர் 004200ல இருந்து 005100க்கு தாவுது. அந்த எட்டு வரில நான் என்ன எழுதியிருந்தேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், கம்ப்யூட்ல ரவுண்டட் போட்டேனா இல்லையான்னு சத்தியமா ஞாபகம் இல்ல.